சீட்டுக் கச்சேரி

எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அவன் எழுதியதை எத்தனை பேர் பாதியில் மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள் என்பது அவனுக்குத் தெரிவதில்லை. பத்திரிகை இத்தனை பிரதி போகிறது என்று ஆசிரியர் சொல்லுவார். அத்தனை பேரும் தன் கதையைத்தான் முதலில் புரட்டுகிறார்கள் என்று அவன் நம்பிக்கொள்வான். இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் தேவையில்லை. நாற்பது வருஷமாக நான் இதை வைத்துக்கொண்டுதான் காலட்சேபம் செய்து வருகிறேன்.

என் தமக்கை பிள்ளைக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவன் அமெரிக்காவில், சியாட்டில் நகரத்தில், ஓர் அறையில் உட்கார்ந்து சீட்டாடுகிறான். ஆடுவதை உலகமெல்லாம் பார்க்கும்படி இணையத்தில் நேரடியாக ஒளிபரப்புகிறான். உலகம் பார்க்கிறதா இல்லையா என்பதைத் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன எண் அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே 7 என்பது 6 ஆகும். போனவர் யார், எந்த வார்த்தையைக் கேட்டுப் போனார் என்பது தெரியாது. என் எழுத்து மேஜையின் மேல் இப்படி ஓர் எண் இருந்திருக்குமானால், முதல் நாவலின் மூன்றாவது அத்தியாயத்தோடு பேனாவை மூடிவிட்டு ரெயில்வேயில் குமாஸ்தா உத்தியோகத்துக்கு மனுப் போட்டிருப்பேன்.

சீட்டு என்றதும் வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். என் தமக்கை ஏற்கனவே எல்லோருக்கும் சேர்த்துச் சுளித்தாகிவிட்டது. "வேலை போய்விட்டது என்று வேண்டுமானால் சொல்லு. சீட்டாடுகிறான் என்று மாத்திரம் யாரிடமும் சொல்லித் தொலைக்காதே" என்று எனக்கு உத்தரவு போட்டிருந்தாள். ஆனால் இது காசு வைத்து ஆடுகிற ஆட்டமல்ல. 'மேஜிக் த கேதரிங்' என்று பெயர். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித நிபுணர் உண்டாக்கியது. 1993 ஆகஸ்டில் வெளிவந்தது. வெளியிட்ட கம்பெனி சியாட்டிலுக்குப் பக்கத்திலேயே ரெண்டன் என்ற ஊரில் இருக்கிறது. நம் வீட்டுச் சீட்டுக்கட்டில் 52 சீட்டு. ஆண்டவனே வந்தாலும் அதில் ஒன்றைக் கூட்ட முடியாது. இந்த ஆட்டத்திலோ இதுவரை வெளியான சீட்டுகள் 20,000க்கும் மேல். இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் 60 சீட்டைப் பொறுக்கி அவரவரே ஒரு கட்டைச் சேர்த்துக்கொண்டு வரவேண்டும். ஆளுக்கு 20 உயிர். எதிராளியின் இருபதைப் பூஜ்யமாக்கினால் ஜெயம். நிலம் என்று ஒரு ஜாதிச் சீட்டு உண்டு. தன் முறை வரும்போது ஒரு நிலம்தான் கீழே வைக்கலாம். நிலம் சேரச் சேரப் பெரிய சீட்டுகளை இறக்கலாம்.

இவ்வளவோடு நின்றால் நானே ஆடியிருப்பேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கிறது. அதற்கும் விதிப் புத்தகத்துக்கும் முரண்பாடு வந்தால் சீட்டு சொல்வதுதான் செல்லும். விதிப் புத்தகமோ 200 பக்கத்துக்கு மேல்! இந்த ஆட்டத்தில் சில நிலைமைகளை அமைத்துவிட்டால் அதன் முடிவை எந்தக் கம்ப்யூட்டராலும் கணித்துச் சொல்ல முடியாது என்று 2019இல் சில ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தே காட்டியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரின் கதி இப்படி என்றால் மயிலாப்பூரில் காலைக் காப்பியோடு உட்கார்ந்து பார்க்கிற என் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் பார்த்தேன் என்றால், பார்க்கச் சொல்லி உத்தரவு. 2023 ஜனவரியில் அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினவே, அந்த வெள்ளத்தில் என் மருமானும் போனான். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. பையன் அங்கேயே வளர்ந்தவன். சிறு வயதிலிருந்து இந்த ஆட்டத்தில் பைத்தியம். கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. "தீபாவளி வரை இதைச் செய்து பார்க்கிறேன் அம்மா. அதற்குள் சோறு போடாவிட்டால் மறுபடியும் உத்தியோகம்தான்" என்றான். சியாட்டிலில் மாலை 7 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 7:30. வாரத்தில் மூன்று நாள், ஏப்ரல் முதல், அந்த வேளையில் நான் ஆஜர்.

இந்த ஒளிபரப்பு நடக்கும் இடத்துக்கு ட்விச் என்று பெயர். அது பிறந்த விதம் வேடிக்கையானது. 2007இல் ஜஸ்டின் கான் என்ற இளைஞர் தம் தொப்பியில் ஒரு காமிராவை மாட்டிக்கொண்டு, தாம் சாப்பிடுவது, நடப்பது, தூங்குவது எல்லாவற்றையும் இரவு பகலாக இணையத்தில் காட்டினார். ஒரு மனிதன் தூங்குவதை எத்தனை நாள் பார்ப்பது? பிறகு அந்த மேடையை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். வந்தவர்களில் வீடியோ ஆட்டம் ஆடிக் காட்டினவர்களைச் சுற்றித்தான் கூட்டம் கூடியது. 2011இல் அந்தப் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து ட்விச் என்று பெயர் வைத்தார்கள். 2014இல் அமேஸான் கம்பெனி அதைச் சுமார் 97 கோடி டாலருக்கு வாங்கிற்று. ஒருவன் வாழ்வதைப் பார்ப்பதைவிட ஒருவன் விளையாடுவதைப் பார்க்க ஜனங்களுக்கு அதிக இஷ்டம். நாவலாசிரியர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் யோசித்து முடிக்கவில்லை.

அந்த இடத்தில் கூலி கிடைக்கவும் அப்போது ஒரு படி ஏறவேண்டியிருந்தது. 2017இல் சிறு ஆட்களுக்கென்று வகுத்த விதிப்படி, 30 நாளைக்குள் 7 நாளாவது, மொத்தம் 500 நிமிஷமாவது ஒளிபரப்பியிருக்க வேண்டியிருந்தது. 50 பேர் பின்தொடர வேண்டியிருந்தது. எப்போதும் சராசரியாக 3 பேர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

மூன்றே மூன்று பேர்! முதலில் இதைக் கேட்டுச் சிரித்தேன். ஒரு மாதம் கூட இருந்து பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. மூன்று அந்நியர்கள், தங்கள் வீடு வாசல் காரியங்களை விட்டுவிட்டு, நாம் பேசுவதைக் கேட்க இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது என்பது சாமானியமா? நம் வீட்டில் யார் உட்காருகிறார்கள்? ஆரம்பத்தில் என் மருமானுக்கு வந்த மூவரில் இருவர் நானும் என் தமக்கையும். அவள் டெலிபோனில் ஒளிபரப்பைப் போட்டுச் சுவாமி அலமாரிக்கு முன்னால் சாய்த்து வைத்துவிட்டுச் சாம்பாருக்குத் தாளிக்கப் போய்விடுவாள். அந்த எண்ணின் கணக்கில் அவளும் ஒரு ரசிகை. பக்கத்துப் போர்ஷன்காரர்கள் டெலிபோனையெல்லாம் வாங்கி வரிசையாக வைத்துவிடலாமா என்று ஒரு நாள் கேட்டாள். நான்தான் தடுத்தேன்.

மூன்றாவது ஆள் ஓர் அந்நியர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பையன் நன்றாக ஆடுவான். கம்ப்யூட்டரில் இந்த ஆட்டத்தை ஆட 'அரீனா' என்று ஒன்று இருக்கிறது. அதில் கடைசிப் படியான 'மிதிக்' வரை ஏறியவன். அந்தப் படியைக் கண்டு ஜனங்கள் வந்து குவிவார்கள் என்பது அவன் எண்ணம். வரவில்லை. வந்த நாலு பேரும் பத்து நிமிஷத்தில் போனார்கள். காரணம் எனக்குக்கூடத் தெரிந்தது. அவன் வாயைத் திறப்பதில்லை. புருவத்தைச் சுருக்குவான், மோவாயைத் தடவுவான், சீட்டை வைப்பான், எதிராளி தோற்றுப்போவான். இதைப் பார்ப்பது தபால் ஆபீஸில் முத்திரை குத்துவதைப் பார்ப்பதுபோல்தான் இருந்தது. குத்துகிறவர் மகா நிபுணராகவே இருக்கட்டும்.

இங்கே போக்கர் ஆட்டத்தின் கதையைச் சொல்ல வேண்டும். வெகு காலம் டெலிவிஷனில் போக்கர் எடுபடவில்லை. சீட்டெல்லாம் கவிழ்ந்து கிடக்கும்; நாலு பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருப்பார்கள். 1999இல் பிரிட்டனில் 'லேட் நைட் போக்கர்' என்ற நிகழ்ச்சியில் மேஜையில் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து அடியில் காமிராவை வைத்தார்கள். ஆடுகிறவர்களுக்குத் தெரியாதது பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிட்டது. "அட பாவி, அவன் கையில் ராஜா இருக்கிறதே, போகாதே!" என்று வீட்டுக்கு வீடு கத்த ஆரம்பித்தார்கள். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் (பெயரை நான் கற்பிக்கவில்லை, அதுவே அவர் நிஜப் பெயர்) 86 டாலர் கட்டி இணையத்தில் ஒரு தகுதி ஆட்டம் ஆடி, உலகப் போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அதையும் இப்படிக் கையிலுள்ள சீட்டைக் காட்டித்தான் ஒளிபரப்பினார்கள். அந்த வருஷம் போட்டியில் உட்கார்ந்தவர்கள் 839 பேர். அடுத்த வருஷம் 2,576 பேர்.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், இது ஆசிரியன் சர்வக்ஞனாக நின்று சொல்லும் கதை. கதாநாயகிக்குத் தெரியாத கடிதம் வாசகனுக்குத் தெரியும். ஆனால் என் மருமானுடைய ஒளிபரப்பில் அந்த வசதி இல்லை. எதிராளி எங்கோ ஒரு தேசத்தில் இருக்கிறான். அவன் கையிலிருப்பது மருமானுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நமக்குத் தெரிவதெல்லாம் இவன் கை மட்டும்தான். இது 'நான்' என்று சொல்லும் கதை. 'நான்' என்று கதை சொல்கிறவன் தன் மனசுக்குள் நடப்பதைச் சொல்லாமல் மூடிக்கொண்டால் கதையே இல்லை. ஆடுகிற கையைவிட ஆடுமுன் தயங்குகிற மனசுதான் அங்கே காட்சி. இதை அவனுக்குக் கடிதமாக எழுதலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, மூன்றாவது ஆள் என்னை முந்திக்கொண்டார்.

அவர் யார், ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரைக்குப் பக்கத்தில், பார்க்கிறவர்கள் எழுதிப் போடுகிற சாட் பத்தியில், அவர் ஒரே ஒரு வார்த்தைதான் எழுதுவார்: "ஏன்?" மருமான் ஒரு சீட்டை வைத்தால், ஏன்? வைக்காமல் விட்டால், ஏன்? முதல் வாரம் அவன் அதைக் கவனிக்காதவன்போல் இருந்தான். இரண்டாவது வாரம் சற்று எரிச்சலோடு பதில் சொன்னான். மூன்றாவது வாரம் அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தான். எண் 6 ஆயிற்று, 9 ஆயிற்று. என் தமக்கை, அந்த ஆசாமி நான்தான் என்று இன்னும் நம்புகிறாள். எனக்கு அந்தப் பத்தியில் எழுதத் தெரியாது என்று எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை.

நினைப்பதைச் சொல்லிக்கொண்டே ஆடுவது லேசான காரியம் என்று எண்ணிவிடக் கூடாது. அரீனாவில் யோசிக்க நேரம் அளந்துதான் கிடைக்கும். தாமதமானால் திரையின் குறுக்கே ஒரு கயிறு தோன்றி, பட்டாசுத் திரி மாதிரி எரிய ஆரம்பிக்கும். அது எரிந்து முடிவதற்குள் கணக்குப் போட வேண்டும், கணக்கைச் சொல்ல வேண்டும், சாட் பத்தியில் யாரோ கேட்டதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் மேல், எதிராளியே ரகசியமாக அந்த ஒளிபரப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கையைப் பார்த்துவிடலாம். அதைத் தடுக்க ஒளிபரப்பைச் சில நிமிஷம் தாமதித்து அனுப்புகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ரசிகர் கேட்கும் கேள்வி ஆட்டம் கைமாறிய பிறகு வந்து சேரும், சம்பாஷணை செத்துவிடும். மருமான் தாமதம் வைக்கவில்லை. கை தெரிந்து தோற்றாலும் தோற்கலாம், "ஏன்" என்ற கேள்விக்கு ஆறின பதில் சொல்லக்கூடாது என்பது அவன் கட்சி. இதே வகையில் 'ஸ்லே த ஸ்பையர்' என்று ஒற்றை ஆளாக ஆடும் சீட்டாட்டம் ஒன்று 2017இல் வந்தது. அதில் எதிராளியும் இல்லை, எரிகிற கயிறும் இல்லை. ஒரு சீட்டை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் விவாதிக்கலாம். அதற்கு மாறிவிடேன் என்று நண்பர்கள் சொன்னார்களாம். கயிறு இல்லாவிட்டால் தூக்கம் வருகிறது என்று விட்டுவிட்டான்.

ஜூலையில் ஒரு நாள் நடந்த ஆட்டம் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அவன் உயிர் ஒன்பதுக்கு வந்துவிட்டது. எதிராளி சிவப்புக் கட்டுக்காரன். களத்தில் அவனுடைய மூன்று பிராணிகள், ஒவ்வொன்றும் இரண்டு உயிர் பிடுங்கும். மருமானிடம் மூன்று நிலம் கீழே. நாலாவது நிலம் கையில், ஆனால் அடுத்த முறைதான் வைக்க முடியும். கையில் இரண்டு ஆயுதம். ஒன்று, இப்போதே ஒரு பிராணியைக் கொல்லும். மற்றது நாலு நிலம் கேட்கும். களத்திலுள்ள சகல பிராணிகளையும் துடைத்துவிடும். அவன் உரக்க யோசித்தான். "இப்போது ஒன்றைக் கொன்றால் எதிராளி உஷாராகிவிடுவான். கையிலிருப்பதைப் பதுக்கிக்கொள்வான். சும்மா இருந்தால் மூன்றும் வந்து அடிக்கும். ஆறு போய் மூன்று மிஞ்சும். நான் ஆயுதமற்றவன் என்று எண்ணி, மிச்சமிருப்பதையும் இறக்குவான். அடுத்த முறை எல்லாவற்றையும் சேர்த்து வாரிவிடலாம். ஆனால் சிவப்புக் கட்டில் ஒரே வீச்சில் மூன்று உயிர் எரிக்கும் சீட்டு உண்டு. அது அவன் கையில் இருக்கிறதா?"

கயிறு எரிய ஆரம்பித்தது. சாட் பத்தியில் பதினான்கு பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "இருந்திருந்தால் போன முறையே அதை வீசியிருப்பான் என்பது என் ஊகம்" என்றான் மருமான். காப்பி ஆறிப்போனது எனக்குத் தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு முறையை விட்டான். மூன்று பிராணிகளும் வந்தன. ஆறு உயிர் போயிற்று. எதிராளி ஒரு நிமிஷம் சும்மா இருந்தான். பிறகு அந்தச் சிவப்புச் சீட்டை வீசினான்.

தோற்றுப்போனான். நான் ஓரத்து எண்ணைப் பார்த்தேன். அது பதினான்கிலேயே நின்றது. சற்று நேரத்தில் பதினைந்து ஆயிற்று. அவன் வெற்றிகளைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள், இந்தத் தோல்வியைப் பற்றி நாற்பது நிமிஷம் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். "ஏன்" ஆசாமி மட்டும் அன்று ஒன்றும் கேட்கவில்லை.

நம் ஊர்த் திண்ணைச் சீட்டுக் கச்சேரியில், பின்னால் நின்று கையைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறவனைப்போல் சத்துரு வேறு கிடையாது. "போய் வேலையைப் பாருமையா" என்று விரட்டுவார்கள். இந்தத் தொழிலில் அவனைத்தான் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியிருக்கிறது. அவன் சொல்கிற யோசனை பத்துக்கு எட்டு அபத்தமாக இருக்கும். அபத்தம் என்று சொல்லாமல், அது ஏன் நடக்காது என்று அவனுக்கே தோன்றும்படி பேச வேண்டும். பையனுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று வியந்தேன். எங்கள் வம்சத்தில் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் பதினைந்து பேர் சோறு போடமாட்டார்கள். ரசிகர் கட்டும் சந்தாவில் சரிபாதிதான் பெரும்பாலும் ஆடுகிறவனுக்கு. புதிதாக ஒருவர் வந்து சேர்வதும் கஷ்டம். ஆட்டத்தின் பெயரைத் தேடிப் போனால், கூட்டம் அதிகமுள்ள இடம்தான் மேலே நிற்கும். பதினைந்து பேர் உள்ளவனைக் காணப் பாதாள லோகம் வரை இறங்க வேண்டும். ஆகவே கூட்டத்தை வெளியிலிருந்துதான் பிடித்துவர வேண்டும். அந்த ஜூலை மாதத்து ஆட்டத்தை எட்டு நிமிஷமாக வெட்டி, யூட்யூபில் போட்டான். "தோற்றது எப்படி" என்று தலைப்பு. அதைப் பார்த்துச் சிலர் வந்தார்கள்.

ட்விச்சில் ஓர் அழகான சம்பிரதாயம் இருக்கிறது. 'ரெய்டு' என்ற முரட்டுப் பெயர் அதற்கு. ஒருவர் தம் ஒளிபரப்பை முடிக்கும்போது, வீட்டுக்குப் போங்கள் என்று ரசிகர்களைக் கலைத்துவிடாமல், அப்படியே அவ்வளவு பேரையும் வேறொருவர் அரங்கத்துக்குத் திருப்பிவிடலாம். பெரிய வித்வான் மங்களம் பாடிவிட்டு, "வாருங்கள், அடுத்த தெருவில் ஒரு பையன் பாடுகிறான்" என்று சபையோரைக் கையோடு அழைத்துப் போவது போல. நம் சங்கீத உலகத்தில் இது எந்தக் காலத்திலும் நடவாது. நான் உத்தரவாதம் தருகிறேன். செப்டம்பரில் ஒரு நாள் அப்படித்தான் இருநூறு பேர் திடீரென்று உள்ளே நுழைந்தார்கள். ஆட்டம் பாதியில், கயிறு வேறு. ஹரிகதை பாகவதர்கள் பாதிக் கதையில் வந்து உட்காருகிறவர்களுக்காக முன்கதையை இரண்டே வாக்கியத்தில், முதலிலிருந்து இருப்பவர்களுக்கும் அலுக்காதபடி சொல்லுவார்களே, அந்த வித்தையை என் மருமான் எந்தப் பாகவதரிடமும் கற்றதில்லை. "நான் நாலில் இருக்கிறேன், அவன் பதினொன்றில். என் கட்டில் என்னைக் காப்பாற்ற இரண்டே சீட்டு. எங்களோடு உட்கார்ந்து கவலைப்படுங்கள்" என்றான். பத்து நிமிஷத்தில் இருநூறு அறுபதாயிற்று. அடுத்த நாள் வந்தபோது வழக்கத்துக்கு மேல் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேர் மிஞ்சினார்களே என்று அவனுக்குச் சந்தோஷம். நூற்றுத் தொண்ணூற்றொரு பேர் எங்கே போனார்கள் என்று அவன் அம்மாவுக்குத் துக்கம்.

நவம்பர் பிறந்தது. அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டார்கள். எனக்கு 7:30 என்பது 8:30 ஆயிற்று. அந்த வருஷம் தீபாவளி 12ஆம் தேதி. வந்த வருமானம் மளிகைக்கும் மின்சாரத்துக்கும் சரியாக இருந்தது; வீட்டு வாடகைக்கு எட்டவில்லை. சொன்ன வார்த்தைப்படி ஒரு கம்பெனிக்கு மனுப் போட்டான். அந்த வாரம் ஒளிபரப்பு இல்லை என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு நேர்முகப் பேட்டிக்குப் போனான். தமக்கை டெலிபோனைச் சுவாமி அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைத்தாள். மறுபடி எடுத்து வெளியே வைத்தாள்.

தீபாவளி கழிந்த புதன்கிழமை காலை, பட்சணத் தட்டோடு நான் திரையைத் திறந்தபோது அவன் இன்னும் வந்திருக்கவில்லை. வெறும் நாற்காலிதான் தெரிந்தது. ஓரத்து எண் 31. அவன் வந்து உட்கார்ந்ததும் சாட் பத்தியில் முதல் வரி விழுந்தது. "ஏன்" ஆசாமிதான். இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார்: "வேலை கிடைத்ததா?"

"அடுத்த வாரம் சொல்லுகிறார்களாம். கிடைத்தால் மூன்று நாள் இரண்டு நாளாகும்; நேரம் இதேதான்" என்று சொல்லிவிட்டுக் கட்டைக் கலைத்தான். கைக்கு ஏழு சீட்டு வந்தது. நிலம் இரண்டே இரண்டு. இந்தக் கையை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஏழு எடுப்பதா என்று முப்பத்தொரு பேரும் சண்டையை ஆரம்பித்தார்கள். திருப்பிவிட வேண்டும் என்பது என் கட்சி. தமக்கை சமையலறையிலிருந்து வந்து, ஈரக் கையோடு என் தோளுக்குப் பின்னால் நின்று, "வைத்துக்கொள்ளச் சொல்லுடா" என்றாள்.